குறைத்துப் போட்ட கண்ணாடி

அன்புள்ள கோதை,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்திருக்கிறது. நான் கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே படித்தேன். பேத்தி மாலுவுக்கு இந்த வருஷக் கண் பரிசோதனையில் கால் பவர் மட்டுமே ஏறியிருக்கிறது என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டு, உள்ளே போய் உன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். "கால்தானே? கால்னுதானே போட்டிருக்கா?" என்று கேட்டார். "கால்தான்" என்றேன். "இவ எழுத்துல காலும் அரையும் ஒரே மாதிரி இருக்கும். நன்னாப் பாரு" என்றார். மறுபடி பார்த்தேன். கால்தான். போன வருஷம் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கிட்டப்பார்வை என்று நீ எழுதிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை. அன்று மாலை பேசினோம். அப்பா இரண்டாவது தடவை காபி கேட்டார், நானும் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் சந்தோஷம் என்பது இவ்வளவுதான் வெளியே தெரியும் என்று உனக்குத் தெரியாதா?

ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததுதான் என்னை இன்றைக்கு இந்த மேஜை முன் உட்கார வைத்திருக்கிறது. "படுத்துக்கொண்டு படித்துப் படித்து என் கண்ணை நானே கெடுத்துக்கொண்டேன். என் குழந்தையும் அப்படி ஆகக் கூடாது என்று கதைப் புத்தகங்களையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். முதலில் அழுதாள். இப்போது கேட்பதே இல்லை. பவர் காலோடு நின்றது அதனால்தான் என்று நினைக்கிறேன்." நீ இதைப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். உன் கண்ணை நீ கெடுத்துக்கொண்டாய் என்று உன்னிடம் சொன்னவள் நான். சொல்லும்போதே எனக்கு அதில் நிச்சயம் இல்லை. பிறகு அது தவறு என்று தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நேரில் சொல்லியிருக்கலாம், நீ எத்தனையோ விடுமுறைக்கு வந்து போயிருக்கிறாய். நேரில் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். இதை மாப்பிள்ளையிடமும் காட்டு. உங்கள் கட்டடத்தில் குழந்தைக்குக் கண்ணாடி போடத் தயங்குகிற தாய்மார்கள் இருந்தால் அவர்களுக்கும் கொடு. என் மானம் போகிறதே என்று நீ ஒளித்து வைக்க வேண்டாம்.

நீ ஸ்ரீரங்கத்தில் இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்துக்கு வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து பார்ப்பார். பல், தோல், எடை, கடைசியில் கண். தாழ்வாரத்துச் சுவரில் ஆங்கில எழுத்து அட்டையை மாட்டி, குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, மேலிருந்து கீழே படிக்கச் சொல்வார்கள். நீ தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் எல்லா வரியையும் சொல்லிவிட்டாய் என்று உன் டீச்சர் எனக்குச் சொல்லி அனுப்பினாள். 'பார்வை நன்று' என்று உன் பரிசோதனை அட்டையில் எழுதி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அடுத்த தெரு அத்தை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏண்டி, காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுக்கறயே, ஒம் பொண்ணு கண்ணை இடுக்கிண்டு பாக்கறதே, அது ஒனக்குத் தெரியலையா? எதிர்த்தாப்ல வந்து நிக்கறேன், யாரோ எவளோன்னு முழிக்கறது." அத்தை ஒன்று சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும் என்பது எனக்குள் இருந்த ஒரு தீர்மானம். திருஷ்டி என்பாள், மோர் ஊற்றிக் கழி என்பாள், பொன்னாங்கண்ணிக் கீரையை நாற்பத்தெட்டு நாள் கொடு என்பாள். பள்ளிக்கூடத்து அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "அளந்து பாத்து எழுதியிருக்கா. பேச்சுக்கு மேல அளவு இருக்கு" என்றேன். அத்தை அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அளவு வந்து வாசல்ல என்னை அடையாளம் சொல்லுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறு வருஷம் வேறொரு டாக்டர் வந்தார். அவர் கையில் ஒரு குச்சி. வரிசைப்படி கேட்காமல் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று தொட்டுக் கேட்டிருக்கிறார். நீ எதைத் தொட்டாலும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்து கடகடவென்று சொல்லியிருக்கிறாய். அன்று மாலை நீ கொண்டுவந்த சீட்டைப் படித்துவிட்டு உன்னை எதிரே உட்கார வைத்துக் கேட்டேன்.

"போன வருஷம் எப்படிப் படிச்சே?"

"படிக்கலையே. சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"எனக்கு முன்னாடி எட்டுப் பேர் சொன்னா. நானும் சொன்னேன். சந்தை மாதிரிதானே அது?"

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. பாசுரங்களைச் சந்தை சொல்லிக் கற்றுக்கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அப்பா ஓர் அடி சொல்வார், நீ புத்தகத்தைப் பார்க்காமல் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்வாய். மூன்று வயதிலிருந்து தினமும் சாயங்காலம் இது நடந்தது. ஒரு தடவை கேட்டால் உனக்குப் போதும். எட்டுத் தடவை கேட்டால் கேட்கவே வேண்டாம். சுவரில் ஓர் அட்டை தொங்கியதே உனக்குச் சரியாகத் தெரியவில்லை. முன்னால் நிற்பவர்கள் சொல்வதைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாய். "இந்தத் தடவை அவர் நடுவுல நடுவுல நிறுத்தினார்ப்பா, அதான் தப்பாப் போயிடுத்து" என்று நீ அழுதாய். அப்பா உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு உன் மேல் கோபம் இல்லை. அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் முதலில் தோன்றியது. இதையும் சொல்லிவிடுகிறேன், மற்றதைச் சொல்லப்போகிறவள் இதை ஏன் மறைக்க வேண்டும்?

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த கண் டாக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். குட்டையாக, வெள்ளைப் புடவையும் கழுத்தில் சிறிய சிலுவையுமாக. உன் கண்ணில் மருந்து விட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். கண்பாப்பா விரிந்து, வெயிலைப் பார்க்க முடியாமல் நீ என் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். ஒன்றரை பவர் எழுதிக் கொடுத்தார். "பயப்பட ஒண்ணும் இல்லீங்க. எப்பவும் போட்டுக்கணும். குளிக்கறப்பவும் தூங்கறப்பவும் கழட்டினாப் போதும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெரிய கடைவீதிக் கண்ணாடிக் கடைக்கு வருவதற்குள் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

நான் பௌதிகம் கற்றுக்கொடுக்கிறவள். குழி லென்ஸ் என்ன செய்யும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள். எட்ட இருப்பதைப் பார்க்கச் செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட இருக்கிற புத்தகத்தைப் படித்தால் கண் கூடுதலாக உழைக்கத்தானே வேண்டும்? அந்த உழைப்புதானே கண்விழியை இன்னும் நீளச் செய்து பவரை ஏற்றும்? அப்படியானால் பாதிப் பவர் போட்டால் கண்ணுக்குச் சோம்பலும் வராது, சிரமமும் வராது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அந்தக் காலத்தில் சில டாக்டர்களும் இப்படி நினைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து கடை வரை நடந்த நேரத்தில் நானாகவே கண்டுபிடித்தேன். அத்தை சொன்னதை நம்பாமல் ஏமாந்தவள், அந்த ஏமாற்றத்திலிருந்து கற்றுக்கொண்டது டாக்டரையும் நம்பாமல் இருப்பது. என்னை மட்டும் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

கடைக்கார பாய் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா எழுதினது ஒண்ணு, நீங்க கேக்குறது ஒண்ணா இருக்கேம்மா."

"நான் காலேஜ்ல இதுதான் பாடம் எடுக்கறேன்."

"அப்ப சரி. எனக்கென்ன, படிச்சவங்க சொல்றீங்க. ஆனா பிள்ளைக்கி போட்டுப் பாத்துட்டு, தெரியுதான்னு கேட்டுக்கங்க."

உன் மூக்கில் போட்டுவிட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லாமல் இருந்த கண்ணுக்குப் பாதி கிடைத்தால் அதுவே அதிசயம். "தெரியறது, தெரியறது" என்று கடைக்குள் குதித்தாய். பாய் சிரித்தார். எனக்கு என் கணக்கு சரி என்று உறுதியாகிவிட்டது.

அடுத்த வருஷம் இரண்டேகால். நான் ஒன்றரை போடச் சொன்னேன். கண்ணாடி உடைந்து சில்லு கண்ணில் குத்திவிடும் என்று உன்னை வெளியில் ஓட விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் கூடத்துக்குள்தான். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பல்பு அதிகம் போட்டேன். கூடத்துக்குள் அடைத்து வைத்த குழந்தை என்ன செய்யும்? படித்தாய். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, மோவாயைத் தலையணையில் வைத்துக்கொண்டு, எழுத்தை முகர்ந்து பார்க்கிற மாதிரி. பவர் ஏறியதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது எனக்கு. என் கண்ணாடியைச் சந்தேகிப்பதைவிட உன் பாயைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது. "படுத்துண்டு படிச்சுப் படிச்சே கண்ணைப் பாழாக்கிண்டுட்டே" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். மறுநாள் நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் கதைப் புத்தகங்கள் பதினேழையும் ஒரு துணிப்பையில் போட்டு, நீயே தூக்கிக்கொண்டு போய் அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாய். "எங்காத்துல இருந்தா படிக்கத் தோணறது அத்தை, நீங்க வெச்சுக்கோங்கோ" என்றாயாம். அத்தை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, "பத்து வயசுல இப்படி ஒரு வைராக்கியமா? பாத்தா பயமா இருக்குடி" என்றாள். நான் பெருமைப்பட்டேன். குழந்தை புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். மாலுவின் பெட்டியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது அந்தத் துணிப்பைதான் என் கண்முன் வந்தது.

மூன்றாம் வருஷம் மூன்றேகால். டாக்டரம்மா எழுதப்போனவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "போன வருஷம் போட்ட கண்ணாடியக் குடு கண்ணு" என்று உன்னிடமிருந்து வாங்கினார். அதைக் கையில் தூக்கிப் பிடித்து, எதிர்ச் சுவரில் இருந்த ஜன்னல் கம்பியை அதன் வழியாகப் பார்த்தபடி மெல்ல அசைத்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து அதன் மேல் வைத்து அசைத்தார். இன்னொன்று. கம்பி அசையாமல் நின்ற இடத்தில் அவர் கையும் நின்றது. லென்ஸின் பவரை மிஷின் இல்லாமல் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். என் மாணவிகளுக்கு நானே அதைச் செய்து காட்டியிருக்கிறேன். என்ன வரப்போகிறது என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளைய கொஞ்சம் வெளில ஒக்கார வைங்க" என்றார். நீ போய் பெஞ்சில் உட்கார்ந்தாய். கதவு மூடியது.

"இது நான் எழுதின கண்ணாடி இல்லீங்களே."

"நான்தான் கொறைச்சுப் போடச் சொன்னேன்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்லை. யோசிச்சுப் பாத்தேன்."

"யோசிச்சீங்களா? நல்லது. நான் இங்க இருபது வருஷமா யோசிக்காம ஒக்காந்திருக்கேன்னு நெனச்சீங்களாக்கும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "டீச்சரம்மா, இதனாலதான் ஏறுச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீங்க குறைச்சுப் போட்டதால நிக்கலைங்கறது மட்டும் ஒங்க கண்ணு முன்னாடியே இருக்கு. பவர் விடுங்க. ரெண்டு வருஷமா அந்தப் பிள்ளைக்கு ஒலகம் சரியாத் தெரியல. அது ஒங்களுக்கு ஒறைக்கலையா?"

படுத்துக்கொண்டு படிக்கிறாள் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"படிக்கட்டுங்க. அதுக்கா கண்ணு? ஒக்காந்து படிக்கச் சொல்லுங்க, மூஞ்சிக்கும் புத்தகத்துக்கும் நடுவுல ஒரு முழங்கை நீளம் இருக்கட்டும், அரை மணிக்கு ஒரு வாட்டி எழுந்து தூரமாப் பாக்கட்டும். அதோட விடுங்க. ஒங்க வீட்டுக்காரர் கண்ணாடி போட்டிருக்காருல்ல?"

"அவருக்கு ஆபீஸ் ரிஜிஸ்டர் எழுதி எழுதி வந்தது."

"அப்ப அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் வந்திருக்கணுமே." அவர் சிரித்துவிட்டார். "குடும்பத்துல வரும்ங்க. யாரும் தப்பு செய்ய வேண்டியதில்ல. பிள்ளை வெளில வெளையாடுதா?"

கண்ணாடி உடைந்துவிடுமே என்றேன்.

"கயிறு போட்டுக் கட்டி விடுங்க. ஒடஞ்சா இன்னொண்ணு போடலாம். எனக்கு இத நிரூபிக்கத் தெரியாது. ஆனா ஜீயபுரம் பக்கத்துலேர்ந்து வர்ற பிள்ளைங்க இருக்காங்க, பொழுதன்னைக்கும் வெளில கெடக்கறதுங்க. வருஷம் கழிச்சு வந்தாலும் அவ்வளவா ஏறியிருக்கறதில்ல. கோட்டைச் சந்துக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு ஏறிக்கிட்டே போகுது. ஏன்னு கேட்டா தெரியாது. மேல போனப்பறம் கர்த்தர்கிட்ட கேட்டு ஒங்களுக்கு எழுதிப் போடறேன்."

அன்று முழுப் பவரில் கண்ணாடி போட்டோம். வரும் வழியில் பஸ்ஸில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் படுத்துண்டு படிக்கவே மாட்டேம்மா, டாக்டர் உன்னைத் திட்டினாரா?" என்று கேட்டாய். "இல்லை" என்று மட்டும் சொன்னேன். காவிரிப் பாலத்தைத் தாண்டுகிற நேரம் போதும், உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். பத்து வயதுக் குழந்தை மன்னித்திருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோதை, உன்னிடம் நான் செய்த பிழை கண்ணாடியைக் குறைத்தது என்றால் அதை அறியாமை என்று தள்ளிவிடலாம். அந்தப் பஸ்ஸில் பேசாமல் வந்ததற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன் புதுக் கண்ணாடியை வாங்கித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "சந்தையைக் கூடத்துலதான் சொல்லணும்னு எங்கயும் எழுதலையே" என்றார். மறுநாள் சாயங்காலம் வெயில் இருக்கும்போதே உன் கையைப் பிடித்துக்கொண்டு கொள்ளிடத்து மணலுக்குக் கிளம்பினார். அவர் முன்னால் நடந்துகொண்டே ஓர் அடி சொல்வார், நீ பின்னால் ஓடிக்கொண்டே இரண்டு தடவை சொல்வாய். கண்ணாடிக் காம்புகளில் கறுப்பு நாடாவைக் கட்டித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தேன். தினமும் ஒன்றரை மணி நேரம், மழைநாள் தவிர. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "கண்ணாடி போறாதுன்னு வெயில்ல போட்டுக் கறுக்கடிக்கறேளா? நாளைக்கு எவன் வந்து பாப்பான்?" என்றாள். "கண்ணாடி போட்டவனா ஒருத்தன் வருவான் அக்கா" என்றார் அப்பா. துணிப்பையை நானே போய் அத்தை வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். "இந்தாடி, பதினேழும் இருக்கு. ரெண்டை நான் படிச்சுட்டேன், நன்னாத்தான் இருக்கு" என்று கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வரைபடத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். உன் எட்டு வயதிலிருந்து கல்யாணம் வரை ஒவ்வொரு பரிசோதனையும் அதில் ஒரு புள்ளி. நீலக் கோடு டாக்டரம்மா எழுதியது. சிவப்புக் கோடு நான் போடச் சொன்னது. அது இரண்டு வருஷத்தோடு நின்றுவிடும். நீலக்கோடு மூன்று வருஷம் செங்குத்தாக ஏறி, பிறகு மெல்லச் சாய்ந்து, பதினாறு வயதுக்கு மேல் ஏறக்குறையப் படுத்துவிடுவதைப் பார். கொள்ளிடத்து வெயில் செய்ததா, முழுக் கண்ணாடி செய்ததா, வயது ஆக ஆக வேகம் தானே குறைவதா, எனக்குத் தெரியாது. ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று என் மாணவிகள் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால் சொல்வேன். ஆனால் உன் பாயும் தலையணையும் இதில் குற்றவாளி என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. முழுப் பவர் போட்ட பிறகும் நீ பதினேழு புத்தகத்தை நூறாக்கினாய், கோடு முன்போல் ஏறவில்லை. அதை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது அத்தை கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னதும், நீ என்னைப் பார்த்ததும், நான் "போட்டுண்டே வா" என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். என்னைப் புரட்சிக்காரி என்று அப்போது நம் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. உன் கண்ணிலிருந்து இன்னொரு தடவை எதையும் குறைக்க என்னால் முடியாது என்பதுதான் காரணம். மாப்பிள்ளையும் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்ததும் அத்தை என் காதில், "ரெண்டு சோடாபுட்டியும் சேந்தா, பொறக்கறது மூக்குல கண்ணாடியோடயே பொறக்கப்போறது, பாத்துக்கோ" என்றாள். நான் கோபப்பட்டேன். போன வருஷம் உன் கடிதம் வந்ததும் அதைச் சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. அவளுக்கே இப்போது கண் புரை எடுத்துக் கனத்த கண்ணாடி. "மாலுக்குட்டி கண்ணாடியை விட என்னோடது பெரிசுன்னு அவளுக்கு எழுது" என்று சொல்லியிருக்கிறாள். அத்தை சொன்னதில் எத்தனை சரியாக இருந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

நீ என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாய். ஐந்து வயதிலேயே கண்டுபிடித்தாய். எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டாய். தினமும் சாயங்காலம் மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறாய். வருஷா வருஷம் மருந்து விட்டுப் பார்க்க வைக்கிறாய். கால் பவரோடு இதனால் நின்றிருக்கலாம், அவள் அதிர்ஷ்டத்தால் நின்றிருக்கலாம். அடுத்த வருஷம் அரை ஏறினாலும் ஏறலாம், அப்போது யார் மேல் பழி போடலாம் என்று தேடாதே. பெட்டியைத் திற. அவளாகக் கேட்கும்வரை காத்திருக்காதே, கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீயும் ஒரு நாள் அப்படித்தான் நிறுத்தினாய், நான் அதைச் சமர்த்து என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. முழுக் கண்ணாடி போட்ட மறுநாள், நான் கல்லூரியிலிருந்து வரும்போது நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். தெருமுனையில் நான் திரும்பியதுமே ஓடி வராமல் அப்படியே நின்று என்னைப் பார்த்தாய். பக்கத்தில் வந்ததும், "அம்மா, நீ தெனமும் இப்படிச் சிரிச்சுண்டேதான் வருவியா?" என்று கேட்டாய். எனக்கு முதலில் புரியவில்லை. நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. உன்னைத் தூரத்தில் பார்க்கும்போது வருகிற சிரிப்பு, கிட்ட வருவதற்குள் அடங்கிவிடும். பத்து வருஷம் என் முகம் உனக்கு அடங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. "ஆமாம், தெனமும்தான்" என்றேன். அது முழு உண்மை இல்லை. அன்றிலிருந்து உண்மையாக்கினேன்.

மே மாதம் நீங்கள் வருகிற வண்டிக்கு நானும் அப்பாவும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு வருவோம். மாலுவை ஜன்னல் ஓரத்தில் உட்கார வை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு விடு. வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே அவள் என்னைப் பார்க்கட்டும். இந்தத் தடவை கிட்ட வந்த பிறகும் நான் அடக்கிக்கொள்ளப் போவதில்லை.

உன் அம்மா